தோல் தொழிலும் தயவின் ஊழியமும்

(தர்மபுரி மாவட்ட ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)





ஆதரவாளர்களில் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: "ஐயா, நாங்கள் கொடுக்கிற பணம் நம்முடைய ஜனங்களுக்குத்தானே போய்ச் சேருகிறது? வெளியாருக்கும் ஏன் செலவு செய்கிறீர்கள்?" நியாயமான கேள்விதான். இதற்கு விடையாக, காலணி செய்து பிழைத்த ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

தோல் தொழில் நமக்குத் தூரமானதல்ல. பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் வாணியம்பாடியும் ஆம்பூரும் வந்துவிடும். தோலைத் தொட்டு வேலை செய்கிறவர்களைத் தாழ்வாய்ப் பார்க்கிற பழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. யூதர் நடுவிலும் அந்த எண்ணம் இருந்தது. ஆனாலும் பேதுரு யோப்பா பட்டணத்தில் தங்கியது தோல் பதனிடுகிற சீமோனுடைய வீட்டில்தான். புறஜாதியானாகிய கொர்நேலியுவினிடத்துக்குப் போகும்படி அவருக்குக் கட்டளை வந்ததும் அந்த வீட்டில்தான்.

இங்கிலாந்தில் சாமர்செட் என்னும் பகுதியிலே ஸ்ட்ரீட் என்று ஒரு சிற்றூர் உண்டு. 1825-ல் சைரஸ் கிளார்க் என்பவர் அங்கே ஆட்டுத்தோல் விரிப்புகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய தம்பி ஜேம்ஸ், வெட்டி மீந்த தோல் துண்டுகளை வீணாக்காமல் வீட்டுக்குள் அணியும் செருப்புகளாகத் தைத்தார். உலகமெங்கும் விற்பனையாகும் 'கிளார்க்ஸ்' காலணிகளின் ஆரம்பம் அந்தத் துண்டுத் தோல்தான். 2021-ல் பெரும்பங்கு வேறு கைகளுக்குப் போகும்வரை அந்தக் கம்பெனி அந்தக் குடும்பத்தாரின் வசமே இருந்தது.

கிளார்க் குடும்பத்தார் குவேக்கர்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரால் எழும்பிய கிறிஸ்தவக் கூட்டத்தார் இவர்கள். மௌனமாய் உட்கார்ந்து ஆராதிப்பார்கள்; யுத்தத்துக்கு ஆயுதம் எடுக்கமாட்டார்கள்; சத்தியப் பிரமாணம் செய்யமாட்டார்கள். இதனால் பல்கலைக்கழகப் பட்டமும் அரசாங்க உத்தியோகமும் நெடுங்காலம் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. ஆகவே அநேகர் வியாபாரத்துக்கு வந்து, ஒரே விலை, சரியான கணக்கு என்று பெயர் வாங்கினார்கள். காட்பரி சாக்லேட்டைத் தொடங்கியவர்களும் குவேக்கர்களே.

1863-ல் கிளார்க் கம்பெனி கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. உறவினரும் சக விசுவாசிகளும் கடன் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். ஜேம்ஸின் மகன் வில்லியம் பொறுப்பேற்றுத் தொழிலை நிமிர்த்தினார். பிறர் கைகொடுத்ததால் பிழைத்த வீடு அது என்பதை மறந்துவிடாதிருங்கள்.

அந்த வில்லியமின் கடைசி மகள் ஹில்டா, 1881-ல் பிறந்தவர். டாக்டருக்குப் படித்து, முதல் உலகப் போருக்கு முன்பு தம் ஊரிலேயே காசநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். 1914-ல் போர் மூண்டபோது, குவேக்கர்களின் போர் நிவாரணக் குழுவோடு பிரான்சுக்குச் சென்றார். ஷாலோன் என்ற நகரில், அவருடைய தோழியான மருத்துவச்சி எடித் பை என்பவர் பிரசவ மருத்துவமனை ஒன்றை நடத்தினார். வீடிழந்து ஓடிவந்த தாய்மார் போர் முடியுமட்டும் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளை அங்கே பெற்றெடுத்தார்கள்.

பிரான்சு இங்கிலாந்துக்கு நட்பு நாடு. அதற்கு உதவினால் ஊரார் மெச்சுவார்கள். ஆனால் 1919-ல் ஹில்டா போன இடம் வியன்னா. ஆஸ்திரியா அதுவரை எதிரி நாடு! சாம்ராஜ்யம் உடைந்துபோய், உணவும் நிலக்கரியும் வராமல், அந்த நகரத்துக் குழந்தைகள் எலும்பு வளைந்து தவித்தார்கள். எதிரியின் பிள்ளைக்கு நாம் ஏன் பால் கொடுக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எப்படிக் கொடுக்கலாம் என்றே யோசித்தார்.

பால் டப்பாக்களை மட்டும் வாங்கிக் கொடுத்தால், டப்பா தீர்ந்தவுடன் பசி திரும்பிவரும். ஆகவே ஹாலந்திலிருந்து கறவை மாடுகள் தருவிக்கப்பட்டு, நகரைச் சுற்றியிருந்த விவசாயிகளிடம் கொடுக்கப்பட்டன. விவசாயிகள் அதன் விலையைப் பணமாகத் தரவில்லை, குழந்தைகள் நல நிலையங்களுக்குப் பாலாகத் திருப்பித் தந்தார்கள். குழந்தைக்குப் பால் கிடைத்தது. விவசாயிக்கு மாடு நின்றது. வாங்கினவர் ஒருவரும் தலைகுனியவில்லை. மீந்த துண்டுத் தோலையும் வீணாக்காத குடும்பத்துப் பெண்ணுக்கு, தர்மப் பணத்தின் ஒவ்வொரு காசையும் பயிராக்கத் தெரிந்திருந்தது.

1947-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமுள்ள இரண்டு குவேக்கர் சேவை அமைப்புகளுக்கு நோபல் சமாதானப் பரிசு அளிக்கப்பட்டது. அதன் பின்னால் பேர் தெரியாத எத்தனையோ கடைக்காரர்களின், தொழிலாளிகளின் காணிக்கை இருந்தது.

அன்பானவர்களே, நமது வார்டுகளுக்கு வாருங்கள். மலைக் கிராமத்திலிருந்து தூக்கிவரப்பட்ட கர்ப்பிணியையும், இருமி இளைத்த கூலிக்காரரையும் பார்ப்பீர்கள். அவர்கள் எந்தச் சபை, எந்த ஜாதி என்று நாம் கேட்பதில்லை. இயன்றவர்களிடம் இயன்றதை வாங்குகிறோம். இல்லாதவர்களை வெறுங்கையாய் அனுப்புவதில்லை. உங்கள் காணிக்கையால் இது நடக்கிறது.

மளிகைக் கடையோ, மாந்தோப்போ, தையல் மிஷினோ, உங்கள் தொழில் எதுவானாலும் அதை நேர்மையாய்ச் செய்யுங்கள். அதில் மீந்த துண்டை அற்பமாக எண்ணாதிருங்கள். அது யாருடைய பிள்ளைக்குப் பாலாகப் போகும் என்பதை ஆண்டவர் அறிவார். அவர் உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.