கைபேசிக் கடைக்கும் காகிதம் வேண்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)

 

இன்று நான் தாய்மார்களிடம்தான் முக்கியமாகப் பேச விரும்புகிறேன். ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பல வீடுகளில் கைபேசியே கடையாகிவிட்டது. முறுக்கு, தைத்த இரவிக்கை, காய்ச்சிய தலைமுடி எண்ணெய் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் விலை போகின்றன. நல்ல காரியம். ஆனால் பதிவு என்று சொன்னவுடன், "வேணாம் சார், பதிஞ்சா வரி போடுவாங்க, எதுக்கு வம்பு?" என்கிறார்கள்.

காகிதம் இல்லாதவர் பட்ட பாடு நமக்குத் தெரியாததா? 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர்களில் எத்தனையோ பேர் அதனால் கப்பலேறினார்கள். அவர்களிடம் உழைப்பு இருந்தது. அதற்குச் சாட்சி சொல்லும் தாள்தான் இல்லை. நம் தொழிலுக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

முதலாவது, பதிவு. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனும் நிறுவன ஆணையத்தில் பதியவேண்டும். கடை கைபேசியில்தானே என்று சொல்லித் தப்பமுடியாது. வயது 18 நிரம்பியிருக்கவேண்டும். குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைக்கென்று ஒரு பெயர் வைத்தால் 60 வெள்ளி. சிரம்பான் அலுவலகத்திலும் பதியலாம், கணினி வழியும் பதியலாம். பதியாமல் நடத்தினால் அபராதம் 50,000 வெள்ளி வரை, அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. தோட்ட வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். அங்கே தொழில் செய்ய அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஊராட்சி மன்ற உரிமம் வேண்டுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விளம்பரம். இணையத்தில் விற்பவர்களுக்கென்று 2012-இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி விதிகள் வந்தன. 2024-இல் அவற்றைப் புதுப்பித்தார்கள். விற்பவர் பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பொருளின் விவரம், அனுப்பும் செலவும் சேர்ந்த முழு விலை, பணம் கட்டும் வழி, நிபந்தனைகள், பொருள் போய்ச்சேரும் நாள் ஆகியவற்றைத் தெரிவிக்கவேண்டும். "விலைக்கு பி.எம். பண்ணுங்க" என்று எழுதுவது முறையாகாது.

தலைமுடி எண்ணெய் விற்கும் அம்மாமார்களுக்கு இன்னொரு சொல். அது அழகுசாதனப் பொருள். சுகாதார அமைச்சுக்கு முறைப்படி அறிவித்த பிறகே விற்கவேண்டும். பொடியோ தேநீரோ விற்பவர்கள், "சர்க்கரை நோய் தீரும்" என்று எழுதவே கூடாது. அதைத் தடுக்க 1956-லேயே மருந்து விளம்பரச் சட்டம் இருக்கிறது.

மூன்றாவது, எல்லோரும் பயப்படும் வரி. ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள்: வருமான வரி விற்பனைக்கு அல்ல, இலாபத்துக்கு. ஒரு அம்மா ஆண்டுக்கு 24,000 வெள்ளிக்கு முறுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், எரிவாயு, உறை, அஞ்சல் செலவு 14,000. இலாபம் 10,000. வேறு வருமானம் இல்லையென்றால், தனிநபர் கழிவு 9,000 போக மிச்சம் 1,000. முதல் 5,000 வெள்ளிக்கு வரி விகிதம் சுழியம். ஆக, கட்டவேண்டியது ஒன்றுமில்லை! ஆனால் அந்த 14,000 வெள்ளிச் செலவுக்கு இரசீது இல்லையென்றால், அது செலவு என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு "பி" பாரம். அடுத்த ஆண்டு ஜூன் 30-க்குள் அனுப்பவேண்டும். தோட்டத்தில் சம்பளமும் வாங்கினால் அதையும் அதே பாரத்தில் காட்டவேண்டும். வரி வராது என்பதற்காகப் பாரத்தை மறந்துவிடாதீர்கள். கணக்கையும் இரசீதையும் 7 ஆண்டு பத்திரப்படுத்தவேண்டும். விற்பனை வரிப் பதிவு என்பது வரிக்குரிய பொருள் தயாரித்து 12 மாதத்தில் 5 இலட்சம் வெள்ளிக்கு மேல் விற்பவர்களுக்கு. அந்த நாள் வந்தால் இனிப்போடு பள்ளிக்கு வாருங்கள்!

நான்காவது, வங்கிக் கணக்கு. கடைப் பணமும் வீட்டுப் பணமும் கலக்கவேண்டாம். பதிவுச் சான்றிதழ் இருந்தால் தொழிலின் பெயரிலேயே கணக்குத் திறக்கலாம். தெக்குனின் ஸ்பூமி கடனுக்கு மனுப்போடவும் அது உதவும். யார் கேட்டாலும் உங்கள் வங்கி அட்டையை இரவல் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் அதில் புகுந்தால் போலீஸ் முதலில் தேடிவருவது உங்களைத்தான்.

நம் தாத்தாக்களின் கடன், கடைக்காரரின் 555 புத்தகத்தில் இருந்தது. எழுதியவர் அவர், கைநாட்டு வைத்தவர் நாம். இப்போது எழுதுகோல் நம் கையில் இருக்கிறது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. இந்த வாரமே ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. கூட்டிக்கொடுக்க உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது: இதோ, கணிதத்தில் பரிசு வாங்க முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளைதான்!