‘முறைப்படியே நடந்திருக்கும்’ என்னும் அனுமானம்

(மைசூர் அக்ரஹாரத்தில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



நீதிமன்றமும் அரசு அதிகாரிகளும் செய்தவை முறைப்படியே செய்யப்பட்டவை என்று அனுமானித்துக்கொள்ளலாம் என 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில், 114ஆவது பிரிவில், காலனி ஆட்சி எழுதிவைத்தது. பெயர் மாறிய இன்றைய சட்டத்திலும் அது தொடர்கிறது. அதற்குத் துணை நின்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465ஆவது பிரிவு. வழக்குத் தொடர்வதற்கான முன் அனுமதியில் பிழை இருந்தாலும், விசாரணையில் முறைகேடு இருந்தாலும், அதனால் நீதி தவறியது என்று காட்டினாலன்றித் தீர்ப்பு ரத்தாகாது. அந்த ஆட்சேபத்தை முன்னரே எழுப்பியிருக்கலாமா என்பதையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க்கும்.

இந்த விதிகளின் சுமையைத் தாங்குபவர் யார் என்பதற்கு மைசூரே சாட்சி. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் கும்பலின் கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் மாண்டனர். அவர்களுக்கு நீதி வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அந்த நீதியை எந்த நீதிமன்றம், எந்த விதிகளின்படி வழங்குவது என்பதே கேள்வி.

வழக்கு மைசூர் தடா நீதிமன்றத்தில் நடந்தது. தடாவின் கீழ், காவல் கண்காணிப்பாளரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியம் ஆகும். மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு. உயர் நீதிமன்றம் என்னும் படியே இல்லை. குற்றம் தடாவின் கீழ் வராது என்று கருதினால் வழக்கைச் சாதாரண நீதிமன்றத்துக்கு மாற்ற 18ஆவது பிரிவு வழிசெய்திருந்தது. ஆகவே, அதிகார வரம்பு என்பது வழக்கறிஞர்களின் சொற்போர் அன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எத்தனை படிகள் மிஞ்சும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

2001இல் அந்த நீதிமன்றம் நால்வருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தனர். 2004 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், தானாக முன்வந்து, அதனைத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. மரண தண்டனையை முதன்முதலில் விதித்ததே இறுதி நீதிமன்றம். அதற்குமேல் முறையிட மன்றம் ஏது? 2013 பிப்ரவரியில் கருணை மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. 2014 ஜனவரி 21 அன்று தூக்கு மீண்டும் ஆயுளாகக் குறைந்தது. அதற்குக் காரணம் கருணை மனுக்களின் மீது ஏற்பட்ட நீண்ட தாமதம். நால்வரின் உயிர் கோப்பு தேங்கியதால் பிழைத்தது.

அரசின் செயல்கள் ‘முறைப்படி’ நடந்தனவா? 2000இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது, கர்நாடக அரசே மைசூர் நீதிமன்றத்தில் தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற முனைந்தது; நீதிமன்றமும் இசைந்தது. அரசு வழக்கறிஞர் சுயமாகச் சிந்தித்தாரா என்று கேட்டு, அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. அதிரடிப்படையின் கொடுமைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இழப்பீடு பரிந்துரைத்தது. அத்தகைய படையின் ஆவணங்களுக்கும் அதே அனுமானம் கவசமாகிறது!

எனினும் இந்தக் கவசம் உடையாதது அன்று. 2012இல் அஷ்ரஃப்கான் வழக்கில், காவல் கண்காணிப்பாளரின் முன் ஒப்புதல் இல்லாத தடா வழக்கை 465ஆவது பிரிவு காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் கூறித் தண்டனைகளை ரத்து செய்தது. 2014 மே 16 அன்று அக்ஷர்தாம் வழக்கில் அறுவரும் விடுதலையாயினர். அவர்களில் மூவர் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவர்கள். வழக்குத் தொடர அளித்த அனுமதி சிந்தனையின்றி வழங்கப்பட்டது என்பதும் அங்கே அம்பலமானது.

இன்று தடா இல்லை. அதன் இடத்தில் ஊபாவும் சிறப்பு நீதிமன்றங்களும் நிற்கின்றன. அவற்றின் கீழ் நாளை நிற்கப்போவோர் தொழிலாளர்கள், ஆதிவாசிகள், சிறுபான்மையினர், போராளிகள். ஆகவே கட்சியின் கடமை மேல்முறையீட்டு நாளில் தொடங்குவதன்று. கைதான நாளிலேயே தொடங்குகிறது. முன் அனுமதி உத்தரவின் நகலைக் கேட்க வேண்டும். அதிகார வரம்பு குறித்த ஆட்சேபத்தை முதல் வாய்ப்பிலேயே எழுத்தில் பதிய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் நடந்தால் மொழிபெயர்ப்பை அங்கேயே கோர வேண்டும். மலைக் கிராமத்துத் தமிழ் உழைப்பாளிக்குக் கன்னட நீதிமன்றத்தில் இது சலுகை அன்று, உரிமை. அன்று பதியப்படாத ஆட்சேபத்தை மேல்முறையீட்டில் எழுப்பினால், ‘முறைப்படியே நடந்திருக்கும்’ என்னும் பதிலே வந்து சேரும்.