சுட்டவர் பெயர் எந்தக் கட்டத்தில்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு 2023 அக்டோபர் 12-ஆம் தேதி காலை நினைவிருக்கும். டீக்கடையில் பேப்பரைப் பிரிப்பதற்கு முன்பே கைப்பேசியில் செய்தி வந்துவிட்டது. சோழவரம் பக்கம், ஆவடி மாநகரக் காவல் எல்லைக்குள், கொலை வழக்கில் தேடப்பட்ட இரண்டு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. அவர்கள் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. ஆவடிக்கென்று தனி காவல் ஆணையரகம் வந்தது 2022 ஜனவரி 1-ஆம் தேதி. அதற்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

அன்று காலை என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே உட்காரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நான் கேட்பது ஒரு சின்னக் கேள்விதான். தற்காப்புக்காகச் சுட்டேன் என்று போலீஸ்காரர் சொன்னால், அதைச் சரிபார்ப்பது யார்? இந்தக் கேள்விக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு இருக்கிறது.

1855-க்குப் போவோம். சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். எலியட் சென்னை நகரத்துப் போலீஸ் தலைவர், நார்ட்டன் வழக்கறிஞர். வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரிப்பது அவர்கள் வேலை. சில மாதங்களுக்குள் 1,959 புகார்கள் வந்து குவிந்தன. நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்து வாக்குமூலம் கொடுத்தவர்கள் உண்டு. அந்த ஆங்கில அறிக்கையில் நம்முடைய சொற்கள் அப்படியே கிடக்கின்றன. கிட்டி என்பது கைவிரல்களைக் கட்டைக்கு நடுவில் வைத்து நெரிப்பது. அண்ணந்தாள் என்பது ஆளை வளைத்துக் கட்டி, நிமிர முடியாமல் மணிக்கணக்கில் நிறுத்துவது. வெள்ளைக்கார அதிகாரிகள் இவற்றுக்கு ஆங்கிலச் சொல் தேடவில்லை. அவ்வளவு சாதாரணமாக ஊரில் புழங்கிய சொற்கள். இரண்டு வருடம் கழித்து, 1857-இல், நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையைப் பற்றி எழுதினார்.

அந்தக் குழு கண்டுபிடித்த வேர்க் காரணம் எளிமையானது. வரி வசூலிக்கிற தாசில்தார் கையிலேயே போலீஸ் அதிகாரமும் இருந்தது. அடித்தவரிடமே போய் அடித்தார்கள் என்று புகார் சொல்ல வேண்டிய நிலை. அதற்கு மருந்தாக வந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம். வருவாய்த் துறையிலிருந்து பிரித்து, இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஒருவரின் கீழ் தனிப் போலீஸ் படை உருவானது. இந்தியா முழுவதற்கும் 1861-இல் வந்த காவல் சட்டத்துக்கு இதுதான் முன்னோடி.

போலீஸ் தனியாகிவிட்டது. ஆனால் போலீஸ் மேலேயே புகார் என்றால் எங்கே போவது? அந்தக் கேள்வியை 1859 தொடவில்லை. இன்றுவரை நாம் தடுக்கி விழும் கல் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது எஃப்ஐஆர் விஷயத்துக்கு வருகிறேன். பலருக்கும் தெரியாத இடம் இது. என்கவுன்டர் நடந்த பிறகு ஸ்டேஷனில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் குற்றம் சாட்டப்பட்டவர் என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கும்? நெடுங்காலமாக நாடு முழுக்க நடந்தது இதுதான்: செத்துப்போனவர் பெயர் இருக்கும். போலீஸைக் கொல்ல முயன்றார் என்று அவர் மேல் வழக்கு. புகார் கொடுப்பவர், சுட்ட குழுவில் இருந்த அதிகாரி. குற்றவாளியே இறந்துவிட்டார், எனவே வழக்கு முடிந்தது. கோப்பு மூடப்பட்டது. ஒரு மனிதர் குண்டடிபட்டு இறந்திருக்கிறார், அந்தச் சாவை விசாரிக்கும் வழக்கு மட்டும் எங்குமே இல்லை.

இதைத்தான் 1997 மார்ச்சில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்த நீதிபதி வெங்கடாசலய்யா எல்லா முதலமைச்சர்களுக்கும் எழுதிய கடிதத்தில் தொட்டார். ஆந்திராவில் நடந்த என்கவுன்டர்கள் பற்றி வந்த புகார்களிலிருந்து பிறந்த கடிதம் அது. ஆளைக் கொல்லப் போலீஸுக்கென்று தனி உரிமை எதையும் சட்டம் கொடுக்கவில்லை என்பது அதன் சாரம். உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே தற்காப்பு உரிமைதான் அவர்களுக்கும். கைது செய்யும்போது எதிர்த்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவரைக் கைது செய்யும் சாக்கில் கொல்ல முடியாது. இது வெள்ளைக்காரன் காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்த விதி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் தெருவில் ஒருவர் இன்னொருவரை வெட்டிவிட்டு, அவன்தான் முதலில் அரிவாளை எடுத்தான் என்று சொன்னால் போலீஸ் என்ன செய்யும்? அவரைப் பிடித்து உள்ளே வைக்கும். தற்காப்பா இல்லையா என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள் என்று சொல்லும். அந்த வரிசை எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பக்கத்து மாநிலம், வயநாடு, திருநெல்லிக் காடு. 1970 பிப்ரவரி 18. நக்சலைட் தலைவர் வர்கீஸ் போலீஸுடன் நடந்த மோதலில் இறந்தார் என்று செய்தி வந்தது. எல்லோரும் அதையே படித்தார்கள், பலரும் நம்பினார்கள். 28 ஆண்டுகள் போயின. 1998-இல் ராமச்சந்திரன் நாயர் என்ற ஓய்வுபெற்ற சிஆர்பிஎஃப் கான்ஸ்டபிள் வாயைத் திறந்தார். மோதல் எதுவும் நடக்கவில்லை, பிடிபட்டுக் கையில் இருந்தவரை நான்தான் சுட்டேன், மேலதிகாரி கட்டாயப்படுத்தினார் என்றார்.

அவர் யாரும் கேட்காமல், தானாகச் சொன்னார். சொன்னால் தானே குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டும் என்று தெரிந்தே சொன்னார். கேரள உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கில் முதல் குற்றவாளி அவரேதான். 2006-இல், விசாரணை முடிவதற்கு முன்பே, அவர் இறந்துபோனார். 2010 அக்டோபரில் எர்ணாகுளம் சிபிஐ நீதிமன்றம், அன்று டிஎஸ்பியாக இருந்து பிறகு ஐஜியாக ஓய்வுபெற்ற லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சம்பவம் நடந்து 40 ஆண்டுகள் கழித்து.

இந்தக் கதையை ஆவடியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆவடி போலீஸ்காரர்களின் ஊர். தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள் இங்கே இருக்கின்றன, சிஆர்பிஎஃப் மையமும் இருக்கிறது. பள்ளி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுக் காக்கிச் சட்டையோடு டியூட்டிக்கு ஓடும் அப்பாக்களைத் தினமும் பார்க்கிறோம். நேர்மையான விசாரணை என்பது அவர்களுக்கு எதிரானது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உத்தரவு மேலேயிருந்து வருகிறது, விசையை இழுக்கும் விரல் கீழே இருக்கிறது. ராமச்சந்திரன் நாயருக்கு 1970-இலேயே நேர்மையான விசாரணை ஒன்று கிடைத்திருந்தால், அந்தப் பாரத்தை 28 வருடம் நெஞ்சில் சுமந்திருக்க மாட்டார்.

சரி, இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 1995 முதல் 1997 வரை மும்பையில் 99 என்கவுன்டர்கள் நடந்து, சுமார் 135 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி பியூசிஎல் அமைப்பு தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் லோதா, ரோஹின்டன் நரிமன் அமர்வு 16 கட்டளைகளைப் போட்டது. எல்லாவற்றையும் ஒப்பிக்கப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுபவை சில. எஃப்ஐஆர் பதிவு செய்து தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சுட்ட ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது, சிஐடியோ வேறு ஸ்டேஷன் குழுவோ விசாரிக்க வேண்டும். சுட்டவர்கள் துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். இன்னொன்று: சம்பவம் நடந்த சூட்டோடு சூடாகப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது. ஏன் அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதே 2014 அக்டோபரில் ராமநாதபுரம் மாவட்டம் எஸ்.பி.பட்டினம் ஸ்டேஷனுக்குள்ளேயே ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர். கத்தியால் குத்த வந்தான், தற்காப்புக்குச் சுட்டேன் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். சிபிசிஐடி விசாரித்தது, அந்த சப்-இன்ஸ்பெக்டர் மேலேயே கொலை வழக்கு நடந்தது. 2019 நவம்பரில் ராமநாதபுரம் மாவட்ட அமர்வு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை கிடைத்ததைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. தற்காப்பு என்ற அந்தச் சொல் நீதிமன்றக் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையைச் சந்தித்தது. சுட்டவருக்கும் வழக்கறிஞர் இருந்தார், அவர் தரப்பும் கேட்கப்பட்டது. தீர்ப்பு எந்தப் பக்கம் போயிருந்தாலும் அந்த வழிதான் சரியான வழி.

ஆனால் எல்லா வழக்கும் அதுவரை போவதில்லை. தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 போலீஸார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. அரசு ஊழியர் பணியில் செய்த காரியத்துக்காக வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்ற விதி இன்னொரு பூட்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளலாம் என்கிறது. இது நல்ல மாற்றம்.

இன்னொரு பக்கம் நம் மாநிலம் பின்னால் நிற்கிறது. போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி அமைப்பு வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-இல் ஒரு சட்டம் போட்டது. அதில் மாநிலப் புகார் ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டிஜிபி. மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர். 1855-இல் ஜனங்கள் தாசில்தாரிடமே தாசில்தாரைப் பற்றிப் புகார் சொன்ன கதையை இப்போதுதானே பார்த்தோம்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், இறந்தவர் மேல் எத்தனை வழக்குகள் இருந்தன என்ற பட்டியலைத்தான் முதலில் காட்டுவார்கள். அதைத் தாண்டிப் படியுங்கள். எஃப்ஐஆரில் யார் பெயர் இருக்கிறது, எந்த ஸ்டேஷன் விசாரிக்கிறது, துப்பாக்கி சோதனைக்குப் போனதா என்று தேடுங்கள். அந்தக் கட்டளைகள் மீறப்பட்டதாகத் தெரிந்தால், இறந்தவரின் குடும்பம் சம்பவம் நடந்த இடத்துக்கு உரிய செஷன்ஸ் நீதிபதியிடம் நேரே மனு கொடுக்கலாம். அந்த 16-இல் அதுவும் ஒன்று. நம் பக்கத்துக்கு மாவட்ட அமர்வு நீதிமன்றம் திருவள்ளூரில் இருக்கிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ மின்சார ரயில் ஏறினால் அங்கே போகலாம்.