கடாரத்தில் மிதிவண்டியை எங்கே நிறுத்துவது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ‘மிதிவண்டியில் விடுமுறை’ எனும் தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய தம்பி, மிதிவண்டிப் பயணத்தில் அடிக்கடி நிற்கக் கூடாது, நின்றால் உடல் சூடு ஆறிவிடும், கால் இறுகிவிடும் என்றார். பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவருக்கு அது சரி. விடுமுறைக்குக் கிளம்புகிறவன் நிற்காமல் ஓட்டினால், அவன் பார்த்தது முன்னால் போகிறவருடைய முதுகை மட்டும்தான். எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட பாதை, கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணியில் தொடங்கி பீடோங், செமெலிங், மெர்போக் வழியாகப் பூஜாங் பள்ளத்தாக்குக்குச் செல்லும் பாதை.

காலையில் சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டருகே கூடுங்கள். 1936இல் எழுந்த கூண்டு அது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா நினைவாக, ரப்பரில் பொருளீட்டிய லிம் லியன் தெங் என்ற சீனச் செல்வர் கட்டிக்கொடுத்தது. இந்த ஊர் எதனால் ஊரானது என்பதை அதுவே சொல்லிவிடும். ஒரு படம் எடுத்துக்கொண்டு, பசியாறிவிட்டுக் கிளம்பிவிடலாம். வெயில் ஏறுவதற்குள் பீடோங்கைத் தாண்டிவிட வேண்டும். அந்த நெடுஞ்சாலையில் லோரிகள் அதிகம். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும், தலைக்கவசம் இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

பீடோங்கில் ஒரு தேநீருக்காவது நிற்க வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பீடோங்கிலிருந்து மேற்கே திரும்பினால் சாலை அமைதியாகும். வலப்பக்கம் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர் உயரம். சமவெளியில் தனியாக நிற்பதால் கடலிலிருந்து பார்க்கும் மாலுமிக்கு அது ஓர் அடையாளக் கம்பம். வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த பாய்மரக் கப்பல்கள் இந்த மலையைப் பார்த்துத்தான் கரையைத் தேடின. காரில் போகும்போது மலை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். மிதிவண்டியில் அது நகராமல் அங்கேயே நிற்கும். அந்த மாலுமிகளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

அடுத்து சுங்கை பத்து. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்பொருள் குழுவினர் 2009 முதல் தோண்டிய இடம். இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்கள், படகுத்துறைகள், வட்ட வடிவில் அமைந்த ஒரு செங்கல் மேடை எல்லாம் வெளிப்பட்டன. சில கி.மு. காலத்தவை என்று குழு அறிவித்தது. அந்தக் கணக்கை எல்லா அறிஞர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று உறுதி. இங்கே இருந்தவர்கள் சும்மா கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் அல்லர்; இரும்பு உருக்கி விற்ற தொழிலாளிகள். உடைந்த ஊதுகுழாய்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்தபோது எனக்கு அரசர்கள் நினைவுக்கு வரவில்லை. உலை முன்னால் வியர்த்து நின்ற ஆள்தான் நினைவுக்கு வந்தான்.

செமெலிங்கில் நம்மவர்கள் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். போகட்டும். மெர்போக் தாண்டி அரும்பொருளகத்துக்குப் போகும் கடைசி ஏற்றத்துக்குக் கொஞ்சம் கால் வலிமையை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் வெட்கமில்லை, நான் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

அங்கே வண்டியைப் பூட்டிவிட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பல ஆண்டுகளுக்கு முன் பேருந்தில் சுற்றுலாக் குழுவோடு வந்தபோது எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிடம். கழிப்பறைக்கே அது போய்விட்டது.

அங்குள்ள புக்கிட் பத்து பஹாட் கோயில் ஓடைக்கரையில், அது எழுந்த இடத்திலேயே நிற்கிறது. அருகில் உள்ள வேறு சில கோயில்கள் பிற இடங்களிலிருந்து பெயர்த்து வந்து அடுக்கியவை. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். கருங்கல் அடித்தளம், கருவறை, முன்னால் மண்டபம். மண்டபத்தில் தூண் நிறுத்திய கல் பீடங்கள் மட்டும் இருக்கின்றன. தூணும் கூரையும் மரத்தாலும் ஓலையாலும் ஆனவை என்பதால் மட்கிப்போய்விட்டன. 1959, 1960ஆம் ஆண்டுகளில் சீரமைத்தபோது, கருவறைப் பகுதியில் புதைத்துவைத்த கல் பேழைகள் கிடைத்தன. உள்ளே பொன், வெள்ளித் தகடுகள், மணிகள். இது சிவன் கோயிலா, பௌத்தக் கோயிலா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்தில்லை.

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலரோடு எனக்குச் சண்டை வரும். இங்கே வந்ததும் ‘கடாரம் கொண்டான்’ என்று மார்தட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இராசேந்திர சோழனின் கடற்படை 1025இல் கடாரத்தைத் தாக்கியது வரலாறு. ஆனால் அது படையெடுப்பு. அவன் வந்து இந்தக் கோயில்களையெல்லாம் கட்டினான் என்பதற்கு ஆதாரமில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பியிருக்கிறான். இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான்; லைடன் செப்பேடு அதைச் சொல்கிறது. கொடுத்துவாங்கிய உறவு முதலில், படை பிறகு. இந்தக் கற்களை அடுக்கியவர்கள் பெரும்பாலும் இந்த மண்ணின் மக்கள். நம் கடற்கரையிலிருந்து வந்த வணிகர்கள் அவர்களோடு கலந்து பழகியவர்கள். அதைச் சொன்னால் நம் பெருமை குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

நேரம் இருந்தால் பெங்காலான் பூஜாங் வரை போங்கள். பெங்காலான் என்றால் மலாயில் படகுத்துறை. இன்று அங்கே கடலைக் காணோம், வயலும் கம்பமும்தான். சீனப் பீங்கான் ஓடுகள், கண்ணாடித் துண்டுகள், மணிகள் எல்லாம் அந்த மண்ணில் கிடைத்தன. ஆறு வண்டல் சேர்த்துச் சேர்த்துத் துறைமுகத்தைத் தரையாக்கிவிட்டது. அங்கிருந்து தஞ்சோங் டாவாய் வரை மிதித்து, நெத்திலி காயும் வாடையில் கடலைப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்பது காலுக்குத் தெரியும்.

இனி நிறுத்த முடியாத ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். 1936, 37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரத்தியும் இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது இடங்களைக் கண்டறிந்து எண்ணிட்டார்கள். அதில் பதினொன்றாம் எண் கோயில், சுங்கை பத்து தோட்டத்தில் இருந்தது. 2013இல் வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அதை இடித்துவிட்டார்கள். தனியார் நிலம், கோயில் பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதிவு பெற்றிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம் கையில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. செய்தி வந்த பிறகுதான் நாம் எல்லாரும் கொதித்தோம். அதற்கு முந்தைய வாரம் வரை அந்தக் கோயிலை நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருந்தோம்? நான் பார்க்கவில்லை. அந்தச் சாலையில் இருமுறை மிதித்துப் போயிருக்கிறேன், நின்றதில்லை.

பீடோங்குக்கு வருகிறேன். போருக்குப் பிறகு, அந்த வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை என்ற இயக்கத்தைத் தொடங்கினார். தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். சம்பளத்துக்காகவும் மரியாதைக்காகவும் குரல் கொடுத்தார்கள். 1947இல் கெடா தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவி, போலீசாருடன் மோதலில் முடிந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. இந்தத் தொண்டர்களுக்கு நான் சுற்றியவரை ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. அதனால்தான் அங்கே தேநீருக்கு நிற்கச் சொன்னேன். கடையில் வயதானவர் யாராவது இருந்தால் பக்கத்தில் அமர்ந்து, “ஐயா, நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் பேசினார். குழுவில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு செய்தி. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரும்பொருளகம் திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இரண்டு புட்டித் தண்ணீர் போதாது, நான்கு எடுத்துக்கொள்ளுங்கள்.