தள்ளி உட்கார்ந்தவனுக்கு ஒரு நன்றி

(பட்டிமன்றம்: புதிய வீடுகள் பெருக வழி ஊக்கமா? உத்தரவா? 'ஊக்கமே' என்னும் அணியில் நிகழ்த்திய உரை.)

அறிவார்ந்த நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தோழர்களே, ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து இந்த லண்டன் மாநகரத்தில் வேர்விட்டு, தை மாதக் குளிரிலும் தமிழ் கேட்கக் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

நம்ம ஊரில் டவுன் பஸ்ஸில் போயிருப்பீர்கள். படிக்கட்டில் தொங்குகிறவன் என்ன சொல்லுவான்? "அண்ணே, உள்ளே நிறைய இடம் இருக்கு, கொஞ்சம் தள்ளிப் போங்கண்ணே!" அதே ஆள் உள்ளே ஏறி, கம்பியைப் பிடித்துவிட்டான். அடுத்த ஸ்டாப்பில் அவன் என்ன சொல்லுவான்? "யோவ் கண்டக்டர், மூச்சு முட்டுது, விசில் அடிய்யா, போகலாம்!" (சிரிப்பு)

நடுவர் அவர்களே, வீடு விஷயமும் இதே கதைதான். வீடு கிடைக்கிற வரைக்கும் "கட்டுங்கய்யா" என்கிறோம். சாவி கைக்கு வந்த மறுநாள், பக்கத்து மனையில் கடப்பாறை விழுந்தால், "ஊர் கெட்டுப்போச்சு" என்கிறோம். லண்டனில் மட்டுமல்ல, உலகம் முழுக்க இதுதான் மனித மனம்.

இந்த மனத்தோடு மல்லுக்கட்டாமல், அதைக் கொஞ்சம் தட்டிக்கொடுத்து நகர்த்தலாம் என்று 2011-இல் இங்கிலாந்து அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர் 'நியூ ஹோம்ஸ் போனஸ்'. எந்த ஊராட்சியின் எல்லைக்குள் புதிதாக வீடுகள் கூடுகின்றனவோ, அந்த வீடுகளுக்கான கவுன்சில் வரிக்கு இணையான ஒரு தொகையை, ஆறு ஆண்டுகளுக்கு அரசே அந்த ஊருக்குக் கொடுக்கும். நடுத்தர வீடு ஒன்றுக்கு ஆறாண்டில் 8,000 பவுண்டுக்கு மேல். குறைந்த வாடகை வீடு என்றால் ஆண்டுக்கு 350 பவுண்டு கூடுதல். நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து குடிவைத்தாலும் கணக்கில் சேரும். இடித்த வீட்டைக் கழித்துவிடுவார்கள். அந்தப் பணத்தை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் கிடையாது. சாலையா, நூலகமா, பூங்காவா, ஊரே முடிவு செய்துகொள்ளலாம்.

பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தவனுக்கு ஒரு நன்றி. அவ்வளவுதான் இந்தத் திட்டம்!

2025-26 தான் கடைசி ஆண்டு என்று சொல்லி, அந்த நன்றியையும் நிறுத்திவிட்டார்கள். எதிரணித் தலைவர் "நிறுத்தியது சரியே" என்று மேசையைத் தட்டினார். மேசை பாவம், அது என்ன தப்புச் செய்தது? (சிரிப்பு) அவர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஒன்றை ஒத்துக்கொள்ளவும் போகிறேன். ஏனென்றால் பட்டிமன்றத்தில் ஜெயிப்பதைவிட உண்மை பேசுவது பெரிது.

முதல் குற்றச்சாட்டு: எப்படியும் கட்டியிருக்கப்போகிற வீட்டுக்குப் போய்ப் பணம் கொடுத்தார்கள், இந்தப் பணத்தால் ஊர்களின் மனம் மாறியதற்குச் சான்று இல்லை. 2013-இல் தேசியத் தணிக்கை அலுவலகமே அப்படித்தான் சொன்னது என்றார். உண்மை, சொன்னது. அதோடு இன்னொன்றும் சொன்னது. இந்தத் திட்டத்தால் பத்தாண்டில் 1,40,000 வீடு கூடும் என்று அரசு போட்ட கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை, சரியாகப் போட்டால் 1,08,000 தான் வருகிறது என்றது. எனக்கு இதில் ஒரு சந்தோஷம். கணக்கில் கோட்டைவிட்டதற்காக என்னை மட்டும்தான் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றினார்கள் என்று இத்தனை நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் நடுவர் அவர்களே, 2011-இல் தென்னங்கன்று வைத்துவிட்டு 2013-இல் இளநீர் எங்கே என்று கேட்டால் எப்படி? சரி, அதற்குப் பிறகாவது நன்றாகத் தண்ணீர் ஊற்றினார்களா? 2017-இல் ஆறு ஆண்டை ஐந்தாக்கினார்கள். 2018-இல் நான்காக்கினார்கள். ஓராண்டில் கூடும் முதல் 0.4 சதவீத வீடுகளுக்கு ஒன்றுமே கிடையாது என்றார்கள். 2020-21 முதல் ஓராண்டுப் பணம் மட்டும். 2016-17-இல் ஏறத்தாழ 148 கோடி பவுண்டாக இருந்தது, 2025-26-இல் 29 கோடி பவுண்டு. மாட்டுக்குப் புல்லைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் "இந்த மாடு கறக்கவில்லை, விற்றுவிடலாம்" என்கிறார்கள். இது என்ன நியாயம்? (பலத்த கைதட்டல்)

இரண்டாவது குற்றச்சாட்டு: இந்தப் பரிசுப் பணத்தில் பெரும்பகுதி எல்லா ஊருக்கும் பொதுவான மானியத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. வீட்டுக்குத் தேவை அதிகம் உள்ள ஊர் வாங்கிக்கொண்டே போனது. ஆலை மூடி, ஆள் குறைந்து, வீடு கட்ட யாருமே முன்வராத வடபகுதி ஊர்கள் இழந்துகொண்டே போயின என்றார். ஐயா, இதை நான் மறுக்கவில்லை. இது தவறுதான். ஒருவன் இலையில் இருந்த சோற்றை எடுத்து இன்னொருவனுக்கு விருந்து வைப்பது தர்மம் ஆகாது. வாங்கியவரெல்லாம் பணக்கார ஊர் அல்ல, ஏழைக் குழந்தைகள் மிகுந்த டவர் ஹாம்லெட்ஸும் பெருந்தொகை பெற்றது என்று நான் வாதாடலாம். ஆனாலும் தவறு தவறுதான்.

அதற்கு மருந்து என்ன? பொது மானியத்தைத் தேவை பார்த்துப் பங்கிடுங்கள். இப்போது அப்படித்தான் பங்கிடப் போகிறோம் என்கிறார்கள், வரவேற்கிறேன். அதற்கு மேலே, கருவூலத்திலிருந்து தனியாக ஒரு தொகை எடுத்து வைத்து, வீட்டுக்கு இடம் கொடுத்த ஊருக்கு நன்றி சொல்லுங்கள். குழம்பில் உப்புக் கூடினால் இரண்டு உருளைக்கிழங்கைப் போடுவாள் என் மனைவி. சட்டியைத் தூக்கி வீதியில் உடைக்க மாட்டாள். (சிரிப்பு)

மூன்றாவது குற்றச்சாட்டுதான் முக்கியம். "இனி ஊக்கம் எதற்கு? 2024 டிசம்பரில் அரசு உத்தரவே போட்டுவிட்டதே! ஒவ்வோர் ஊருக்கும் இத்தனை வீடு என்று கட்டாய இலக்கு. நாடு முழுக்கச் சேர்த்தால் ஆண்டுக்கு 3,70,000 வீடு. உத்தரவு இருக்கும்போது பரிசு எதற்கு?" என்றார்.

இதற்குப் பதிலாக, நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

இங்கே என் தங்கை மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். ஒருநாள் மாலை, "மாமா, வாங்க, நம்ம ஊர்ப் பட்டிமன்றம் மாதிரி இங்கேயும் ஒன்று நடக்குது" என்று ஓர் ஊராட்சியின் திட்டக் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். பழைய கிடங்கு ஒன்றை இடித்துவிட்டு வீடுகள் கட்டலாமா வேண்டாமா என்பது வழக்கு. பேசுகிறவருக்கு மூன்று நிமிடம்.

ஒரு மூதாட்டி எழுந்தார். "நடைபாதை உடைந்து கிடக்கிறது, நான் விழுந்தேன். நூலகத்தை வாரத்தில் பாதி நாள் பூட்டிவைத்திருக்கிறீர்கள். இருக்கிற எங்களுக்கே ஒன்றும் செய்யவில்லை. இன்னும் ஆட்களைக் கொண்டுவரப் போகிறீர்களா?" என்று கேட்டார். நடுவர் அவர்களே, அந்தப் பாட்டி பொல்லாதவர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

என் பக்கத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. ஒரே அறையில், தற்காலிக இருப்பிடத்தில் வாழ்கிறவள் என்று என் மருமகன் காதோடு சொன்னான். அவள் எழுந்து பேசவில்லை. அவளுக்கு அந்த வட்டாரத்தில் ஓட்டு இல்லை. அந்த வீடு கட்டினால்தானே அவள் அந்த வட்டாரத்து ஆள்! 2025 மார்ச் கணக்குப்படி இங்கிலாந்தில் இப்படித் தற்காலிக இருப்பிடத்தில் இருந்த குடும்பங்கள் 1,31,000-க்கும் மேல். அவர்களோடு இருந்த குழந்தைகள் ஏறத்தாழ 1,69,000. இவர்கள் எந்த வீதிக்கு வரப்போகிறார்களோ, அந்த வீதியில் இவர்களுக்கு இன்று குரல் இல்லை. இன்னும் வராதவனுக்கு ஏது ஓட்டு?

இப்போது யோசித்துப் பாருங்கள். உத்தரவு அந்தப் பாட்டிக்கு என்ன சொல்லும்? "மேலிடத்து ஆணை, சும்மா உட்காருங்கள்" என்று சொல்லும். பாட்டி உட்காருவார். ஆனால் அடுத்த தேர்தலில் எழுந்து நிற்பார்! (கைதட்டல்) அதற்குப் பயந்தே கோப்பு மேசைக்கு மேசை நகரும். உத்தரவு பாட்டியை மீறிப் போகும், அவருக்குப் பதில் சொல்லாது. ஊக்கம் என்றால், அந்த உறுப்பினர் எழுந்து, "அம்மா, இந்த வீடுகளால் நமக்கு இவ்வளவு பணம் வருகிறது. உங்கள் நடைபாதை சரியாகும். நூலகம் வாரம் முழுக்கத் திறந்திருக்கும்" என்று சொல்லலாம். ஓட்டில்லாத அந்த இளம்பெண்ணுக்காக அந்தச் சபையில் பேசிய ஒரே வாய் அந்தப் பணம்தான் ஐயா! அந்த வாயையும் மூடிவிட்டார்கள். (நீண்ட கைதட்டல்)

உத்தரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கண்டிப்பும் வேண்டும். ஆனால் சாயங்காலம் திரும்பி வரும்போது வாசலில் ஒரு தாய் நிற்க வேண்டும்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே வார்த்தை. இந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும், இந்த ஊருக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கும். கையில் ஒரு பெட்டி, யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில் ஒரு பாய். அன்று யாரோ ஒருவர் உங்களுக்காகக் கொஞ்சம் தள்ளிப் படுத்தார். தள்ளிப் படுத்தவருக்கு நன்றி சொல்வது வீண்செலவு என்று இந்த அவை சொல்லுமா? சொல்லாது. ஆகவே, வீடு பெருக வழி ஊக்கமே என்று நல்ல தீர்ப்புத் தருமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.