மனத்துக்கும் மருந்துண்டு

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் என்று எத்தனையோ விஷயங்களை நாம் கூடிப் பேசியிருக்கிறோம். இன்று மனநோயைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது சங்கத்தின் வேலையா?" என்று சிலர் கேட்கலாம். சங்கத்தின் வேலைதான். பால்வெட்டும் கத்தி கையைக் கிழித்தால் மருந்து உண்டு, விடுப்பு உண்டு. மனம் காயப்பட்டால் நமக்குக் கிடைப்பது என்ன? "சோம்பேறி" என்ற பட்டம், "நடிக்கிறான்" என்ற ஏச்சு, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்ற கேலி. இந்த மூன்றுக்கும் அஞ்சி நம்மவர் வாய் திறப்பதில்லை. வாய் திறவாததால் காப்பாற்றக்கூடிய உயிர்களும் போய்விடுகின்றன.

முதலில் அந்தக் கேலியை ஒழிப்போம். தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி 1911இல் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. நோயாளி நலம்பெறப் போகும் இடம் அது. மேலும், மனநோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே தங்கவேண்டிய தேவையே இல்லை. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே குணமடைகிறார்கள்.

இனி, நாம் அறிந்த மரத்திலிருந்தே தொடங்குவோம். ரப்பர் மரத்தை நாள்விட்டு நாள் வெட்டினால் பல ஆண்டுகள் பால் தரும். பேராசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு, வெட்டுக்கோட்டில் பால் நின்றுவிடும். அப்போது மரத்தைத் திட்டுகிறோமா? வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுக்கிறோம். மனிதனும் அப்படித்தான். வேலைக்காட்டில் பன்றி எதிரே வந்தால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, தசை இறுகுகிறது. இது நம்மைக் காக்க இயற்கை தந்த ஏற்பாடு. பன்றி போனதும் உடம்பு அடங்கிவிடும். ஆனால் தொடர்ந்து மழை பெய்து வெட்டு நின்றுபோனால்? கடைக்காரர் கடனைக் கேட்டால்? தோட்டம் கைமாறி, வேலையோடு வீடும் போகும் என்ற பேச்சு எழுந்தால்? இந்தப் பன்றி இரவும் பகலும் நம் வாசலிலேயே நிற்கிறது. உடம்பு அடங்க வழியில்லை. இதுவே மன அழுத்தம். இது நீடித்தால் நோயாக முற்றும்.

பெரும் கொடுமையைக் கண்டவர்களுக்கு வரும் நோய் வேறொன்று உண்டு. 1942-45 ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் எல்லாம் உடம்பால் மட்டும் திரும்பினார்கள் என்று சொல்லிவிடலாமா? இப்படிப்பட்ட கொடுமையைக் கண்டவர் நள்ளிரவில் அலறி எழுவதும், சிறு சத்தத்துக்கே திடுக்கிடுவதும், நடந்ததை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பதும் ஒரு நோயின் அடையாளங்கள். மருத்துவ உலகம் 1980இல்தான் இதற்குத் தனிப்பெயர் கொடுத்து நோய்ப் பட்டியலில் சேர்த்தது. விபத்து, தீ, அடி உதை, பலாத்காரம் ஆகியவற்றுக்குப் பின்னும் இது வரும். சிகிச்சையும் உண்டு.

அடுத்தது சோர்வு நோய். துக்கம் எல்லாருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளெல்லாம் மனம் இருண்டு, பிடித்ததில் நாட்டமின்றி, பசியும் தூக்கமும் கெட்டு, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணமே மேலோங்கினால் அது நோய். நாலரை மணிக்கு எழவேண்டியவர் இரண்டு மணிக்கே விழித்துக் கூரையைப் பார்த்துக் கிடக்கிறார். கை நிதானமிழந்து ஆழ வெட்டி மரத்தைக் காயப்படுத்துகிறார். கிராணியார் செக்ரோலில் ஒரே வரியைப் பத்துத் தடவை கூட்டியும் கணக்குத் தப்புகிறது. இவர்களை ஏசித் திருத்த முடியாது. இதற்கு மருந்து உண்டு. பேசிக் குணப்படுத்தும் முறையும் உண்டு. மருந்து பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். ஒரு வாரத்தில் கைவிடக் கூடாது. நலமானதும் டாக்டரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

சிலருக்குச் சோர்வுக்கு நேர்மாறாக, தூக்கமே இல்லாமல் உற்சாகம் கரைபுரளும், பேச்சு நிற்காது, கைப்பணம் எல்லாம் கரையும். இது சோர்வோடு மாறி மாறி வரும். இதற்கான மருந்தின் கதையில் நம் வட்டாரத்துக்கும் பங்குண்டு. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, 1945வரை சாங்கி முகாமில் கிடந்தவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர். ஊர் திரும்பிய அவர் லித்தியம் என்ற உப்பு இந்நோயை அடக்குவதை 1949இல் எடுத்துக்காட்டினார். இன்றும் அது பயன்படுகிறது. இரத்தப் பரிசோதனையோடு உட்கொள்ள வேண்டிய மருந்து அது.

மூன்றாவது, உடம்பின் வழியாகப் பேசும் நோய். ஓயாத தலைவலி, நெஞ்சடைப்பு, வயிற்றெரிச்சல், உடல்வலி என்று ஒருவர் வருகிறார். சோதித்தால் குறை தெரியவில்லை. "ஒன்றுமில்லை, வேலைக்குப் போ" என்று அனுப்புகிறார்கள். தோழர்களே, அந்த வலி பொய்யல்ல. இறுகிய தசை உண்மையிலேயே வலிக்கும். கலங்கிய குடல் உண்மையிலேயே எரியும். "மனசு சரியில்லை" என்று சொல்ல வெட்கப்படும் ஊரில் உடம்புதான் மனத்துக்கு வாயாகிறது. நெஞ்சுவலி என்றால் முதலில் இருதயத்தைச் சோதித்தே ஆகவேண்டும். அதில் குறை இல்லை என்றால், "வீட்டில் என்ன கஷ்டம்?" என்பது அடுத்த கேள்வியாக இருக்கவேண்டும்.

நான்காவது, தன்னை மறக்கும் நோய். திடீரென்று பேச்சு நின்றுபோகும். கைகால் வெட்டி இழுக்கும். நடந்தது நினைவிலிருந்து மறையும். வேறு ஆள்போலப் பேச்சு வரும். திருவிழாவில் அருள் வந்து ஆடி, பூசை முடிந்ததும் தெளிபவரை நாம் நோயாளி என்று சொல்லவில்லை. அது வழிபாட்டின் பகுதி. வேண்டாத நேரத்தில், வேண்டாத இடத்தில் வந்து, வாழ்வைக் குலைப்பதே நோய். 1970களில் இந்நாட்டு மின்னணுத் தொழிற்சாலைகளில் இளம் மலாய்ப் பெண்கள் பேய்பிடித்ததாகக் கூட்டமாக அலறி விழுந்தார்கள். மானிடவியல் அறிஞர் ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட நூலில், ஆலையின் கடுமையான வேலைக் கட்டுப்பாட்டோடு இதைச் சேர்த்து ஆராய்ந்தார். சொல்லமுடியாத நெருக்கடி பேயாக வெளிப்பட்டது. பேயோட்டினால் மட்டும் போதுமா? வேலை நிலையையும் மாற்றவேண்டாமா? இப்படி விழுபவரை அடிக்காதீர்கள். மிளகாய்ப் புகை போடாதீர்கள். காக்காய் வலிப்பாகவும் இருக்கலாம், இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

கடைசியாக, தற்கொலை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைச் சட்டம் நெடுங்காலம் குற்றவாளியாக்கி வைத்திருந்தது. சிங்கப்பூரில் அச்சட்டம் 2020இல் நீங்கியது. மலேசியாவில் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. ஆகையால் போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைக்க வேண்டிய காலம் முடிந்தது. சட்டம் மன்னித்தவரை நம் நாக்கும் மன்னிக்கட்டும்.

"சாகிறேன் என்று சொல்பவன் சாகமாட்டான்" என்பது தவறு. சொன்னவர் பலர் செய்திருக்கிறார்கள். "கேட்டால் நாமே நினைவூட்டியது ஆகும்" என்பதும் தவறு. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. கேட்டால் பாரம் இறங்குகிறது. ஆகவே நேராகக் கேளுங்கள்: "அண்ணே, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" ஆம் என்றால் புத்தி சொல்லாதீர்கள், காது கொடுங்கள். தனியே விடாதீர்கள். கொடுமையான அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல உயர்ந்து தணியும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் ஆபத்து இல்லாமலிருந்தால் உயிர் தப்பும். அதனால் களைக்கொல்லி, பூச்சிமருந்து எதுவும் வீட்டில் இருக்கலாகாது. ஸ்டோரில் பூட்டு, சாவிக்கு ஒரு பொறுப்பாளர், கணக்குக்கு ஒரு புத்தகம். நிர்வாகத்திடம் இதைக் கேட்பது நம் உரிமை.

ஆபத்து நெருங்கினால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 999க்கும் போன் செய்யலாம். மனம்விட்டுப் பேச கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். 1767.

விடுப்புக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 18 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. டாக்டரின் சான்றிதழே போதும். என்ன நோய் என்று பிரட்டுக் களத்தில் பறைசாற்ற வேண்டியதில்லை. கிராணிமார்களே, உங்கள் மேசைக்கு வரும் அந்தச் சீட்டில் ஒருவருடைய மானம் இருக்கிறது. அதைக் காப்பது உங்கள் கடமை.

தோழர்களே, ஒவ்வொரு கிளையும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இதற்கென்று நியமிக்கட்டும். வேலைக்கு வராதவர் வீட்டுக்கு இரண்டாம் நாளே ஒருவர் போகட்டும். குடும்பத்தைப் பிரிந்து நம்மோடு பால் வெட்டும் வங்காளதேசத் தோழரையும் இந்தோனேசியத் தோழரையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் தனிமை நம் தாத்தாமார் கப்பலில் வந்தபோது பட்ட தனிமைதான். சம்பள உயர்வுக்கு ஒன்றுகூடத் தெரிந்த நமக்கு, ஓர் உயிரைச் சுற்றி ஒன்றுகூடத் தெரியாமல் போகுமா? இன்று இரவு வீடு திரும்பும்போது, சில நாளாகப் பேச்சுக் குறைந்துபோன ஒருவர் வீட்டு வாசலில் நில்லுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே உட்காருங்கள்.