பாம்பு வாரும் பழுதுற்ற உருளையும்

(கைத்தொழிலும் தாய்மொழியும் என்னும் பொருள்பற்றி நிகழ்ந்த திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முப்பதாண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வரும் தமிழாசிரியன் ஒருவன் இன்று மகிழுந்தின் பொறியைப் பற்றிப் பேச எழுந்து நிற்கின்றான். உங்களுள் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கின்றேன். செய்யுளில் தளை தட்டினால் மூன்றாம் வரிசையில் இருந்தே கண்டு சொல்வேன். ஆனால் என் ஊர்தியின் பொறியில் ஓசை தட்டியபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அறியாமைக்கு நான் கொடுத்த விலையையும், பின்னர்க் கற்ற கல்வியையுமே இன்று கூற வந்தேன்.

ஈராண்டுக்கு முன் ஓர் இரவு. கண் மருத்துவம் முடித்த என் அன்னையாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கி வந்துகொண்டிருந்தேன். முன்புறத்தில் கீச்சென்று ஓர் ஒலி எழுந்தது. சிறிது தொலைவில் 'தப்' என்று ஏதோ அடித்தது. மின்கல விளக்குச் சிவந்தது. வண்டியைத் திருப்பும் வளையம் கல்லாய்க் கனத்தது. வெப்பங்காட்டியின் முள் மேலே ஏறத் தொடங்கியது. சாலையோரம் நிறுத்தினேன். கண்ணில் கட்டோடு அன்னையார், "என்னப்பா ஆயிற்று?" என்று வினவினார். "தெரியவில்லையம்மா" என்பதைத் தவிர எனக்கு வேறு விடை இல்லை.

மறுநாள் பணிமனையில், "பெல்ட்டு அறுந்துபோச்சுங்க ஐயா, புதுசு போட்டாச்சு" என்றனர். பணம் கொடுத்தேன். இரண்டு திங்களில் மீண்டும் கீச்சொலி. மீண்டும் புதிய பெல்ட்டு. மீண்டும் பணம். மூன்றாம் முறை ஒலி எழுந்தபோதுதான், 'ஏன் அறுகின்றது?' என்று ஒருமுறையேனும் கேட்டோமா என எண்ணிப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. பெயர் அறியாதவன் வினவ மாட்டான். வினவாதவனுக்கு விடை கிடையாது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவே.

கடைசல் பட்டறையில் பணிபுரியும் என் பழைய மாணாக்கன் ஒருவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்தேன். கல்லூரியில் பயிலும் என் மகளும் உடனிருந்தாள். முகப்பு மூடியைத் திறந்து ஒவ்வோர் உறுப்பையும் அதன் தொழிலால் அறிந்து பெயரிட்டுக்கொண்டோம்.

அந்த நெடிய வாரைப் பாருங்கள். ஊர்ப்புற நெல் அரைவை ஆலையில், ஒரே பொறியிலிருந்து பல எந்திரங்களுக்குத் தோல் வார்கள் ஓடியதை உங்களுள் மூத்தோர் கண்டிருப்பீர்கள். இதுவும் அத்தகைய வாரே. பல உருளைகளுக்கிடையே மேலும் கீழுமாய் நெளிந்தோடுவதால் ஆங்கிலத்தில் இதற்குப் பாம்பின் பெயர் வைத்தனர். நாமும் பாம்பு வார் என்போம். பொறியின் அடியில் சுழல்வது முதற்கப்பி. கிணற்றுக் கப்பியை அறிந்தவனுக்குக் கப்பி என்ற சொல்லை விளக்க வேண்டுமா? அது சுழன்று வாரை இழுக்கின்றது. வார், மின்சாரம் தரும் மின்னாக்கியையும், பொறியின் வெப்பந்தணிக்க நீரைச் சுற்றிவிடும் நீரிறைவையையும், உள்ளே குளிர்காற்றுத் தரும் அமுக்கியையும், திருப்பும் வளையத்துக்கு வலுவூட்டும் எண்ணெய் இறைவையையும் சுழற்றுகின்றது. வார் அறுந்த அவ்விரவில் விளக்குச் சிவந்ததும், வளையம் கனத்ததும், முள் ஏறியதும் ஏனென்று இப்போது உங்களுக்கே விளங்கும். என் மகள் அந்த இடத்திலேயே விளக்கிவிட்டாள். எல்லா ஊர்தியிலும் இந்நான்கும் ஒரே வாரில் இரா. சிறு மகிழுந்துகள் பலவற்றில் திருப்பும் வலுவை மின்சாரமே தருகின்றது. உங்கள் ஊர்தியின் கையேட்டைப் பாருங்கள்.

இவற்றோடு இன்னும் இரண்டு உண்டு. 'டென்சனர்' எனப் பட்டறையில் வழங்குவது இறுக்கி. சுருள்வில்லின் வலிமையால் வாரைத் தளரவிடாது பிடித்திருக்கும் கை அது. 'ஐடிலர்' என்பது துணையுருளை. தான் எதையும் இயக்காது, வாரை வழிப்படுத்தி மட்டும் நிற்கும். இவ்விரண்டின் உள்ளேயும் சிறு குண்டுகள் பொதிந்த தாங்கிகள் உள்ளன. அவற்றின் மசகு உலர்ந்தால் உருளை ஆடும்; ஆடினால் சாயும்; சாய்ந்தால் வாரின் ஓரத்தைத் தின்னும்.

இவ்வாரின் வரலாற்றையும் சுருங்கச் சொல்கின்றேன். அமெரிக்க நாட்டின் டென்வர் நகரில் சான் கேட்சு என்பார் 1917-இல் தொய்வத்தாலும் நூலாலும் ஆப்பு வடிவ வாரை உருவாக்கினார். தொய்வம் என்பது இரப்பர். நெடுங்காலம் மகிழுந்துகளில் மின்னாக்கிக்கு ஒன்று, அமுக்கிக்கு ஒன்று எனத் தனித்தனி வார்களே இருந்தன. 1979-ஆம் ஆண்டின் போர்டு மசுடாங்கு வண்டியில் எல்லாவற்றையும் ஒரே நெடுவார் சுழற்றும் முறை இடம்பெற்றது. பின்னர் உலகெங்கும் பரவியது. இதன் உட்புறம் உழுத நிலம்போல் வரப்பும் சாலுமாய் இருக்கும். கப்பியின் சாலில் வாரின் வரப்பு பொருந்தும். கடையில் 6 பி.கே. 1750 என்று ஒரு வாரில் எழுதியிருந்தால், 6 என்பது வரப்புகளின் எண்ணிக்கை, பி.கே. என்பது வரப்புக்கு வரப்பு 3.56 மி.மீ. இடைவெளி உடைய வகை. 1750 என்பது மி.மீ. அளவில் நீளம். மந்திரம்போல் தோன்றும் எண்ணுக்குள் இவ்வளவுதான் உள்ளது.

இனி, வேலைக்கு வருவோம்.

முதலில் நோயறிந்தோம். பொறியை மெல்ல ஓடவிட்டு, கையும் உடையும் வாரின் அருகில் செல்லாதவாறு எட்ட நின்று, வரப்புப் பக்கத்தில் சிறிது நீரைத் தெளித்தான் மாணாக்கன். ஒலி உடனே அடங்கிச் சற்று நேரத்தில் மீண்டது. "ஒலி கூடியிருந்தால் வார் தளர்ந்து வழுக்குகிறது என்று பொருள் ஐயா. அடங்கி மீண்டால், ஏதோ ஓர் உருளை நேராக நிற்கவில்லை என்று பொருள்" என்றான். இரண்டு வார்களை மாற்றிய பணிமனையில் ஒரு குவளை நீரைச் செலவிட்டிருந்தால் போதும்!

பொறி முற்றும் ஆறும்வரை காத்திருந்தோம். திறவுகோலை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். வார் செல்லும் வழியை மகள் கைப்பேசியில் ஒளிப்படம் எடுத்ததோடு, தாளிலும் வரைந்தாள். இதைத் தவறவிடாதீர்கள். வாரின் வரப்புப் பக்கம் தொடும் கப்பி முதற்கப்பியின் போக்கிலேயே சுழலும். முதுகுப் பக்கம் தொடும் உருளை எதிர்ப்போக்கில் சுழலும். வழி மாறிப் போட்டால் நீரிறைவை பின்னோக்கிச் சுழன்று, புதிய வாரோடே பொறி கொதித்துப் போகலாம்.

நீண்ட பிடியுடைய மரைதிருகியை இறுக்கியின் தலையில் பொருத்தி, சுருள்வில்லை எதிர்த்து மெல்லத் திருப்பினான். வார் தளர்ந்தது. துணையுருளையிலிருந்து நான் அதை நழுவவிட்டேன். பிடி தவறினால் இறுக்கியின் கை விசையோடு திரும்பி அடிக்கும். அதன் வழியில் விரல் இருத்தலாகாது.

வாரை எடுத்தபின் ஒவ்வோர் உருளையையும் கையால் சுழற்றிப் பார்த்தோம். மின்னாக்கி ஓசையின்றிச் சுழன்றது. நீரிறைவையில் ஆட்டமும் இல்லை, நீர்க்கசிவும் இல்லை. துணையுருளையை நான் சுழற்றினேன். மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. பக்கவாட்டில் அசைத்தால் தளர்ந்த பல்லாய் ஆடிற்று. "அப்பா, பாட்டியை இருட்டில் நிறுத்தியது இதுதான்!" என்றாள் மகள். உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருளை! இரண்டு வார்களை அது தின்றிருந்தது.

கழற்றிய வாரில் ஒரு வெடிப்பும் இல்லை. இதையும் நினைவில் கொள்ளுங்கள். பழைய நியோப்பிரீன் வார்கள் முதுமையில் வெடிக்கும், கண்ணால் கண்டுகொள்ளலாம். இன்று பெருவழக்காய் வரும் இ.பி.டி.எம். என்னும் தொய்வ வகை எளிதில் வெடிக்காது. வண்டியின் உருளித் தொய்வம்போல் வரப்புகள் தேய்ந்து, சால்கள் அகலும். ஆதலால் 'வெடிப்பில்லை, நன்றாக உள்ளது' என்று ஏமாறாமல் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும்.

இறுக்கியும் துணையுருளையும் வாரும் ஒரே காலம் உழைத்தவை. மூன்றையும் ஒருசேர மாற்றினோம். பழையவற்றைப் புதியவற்றின் பக்கத்தில் வைத்து, விட்டமும் உயரமும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே பொருத்தினோம். சில வண்டிகளில் இறுக்கியின் மரையாணி இடப்புரியாக இருக்கும். கழலவில்லையென்று வலிந்து திருகினால் முறியும். ஆணிகளைக் கையேட்டில் குறித்த அளவுக்கே முடுக்கினோம்.

வாரைப் பூட்டி முடித்ததும், "ஆயிற்று" என்று திறவுகோலை எடுத்தேன். "பொறுங்கள் அப்பா" என்றாள் மகள். படத்தை ஒரு கையிலும் விளக்கை ஒரு கையிலும் பிடித்து ஒவ்வொரு கப்பியாய் நோக்கி வந்தவள், மின்னாக்கிக் கப்பியின் ஓரத்தில் ஒரு சால் வெறுமையாய் இருப்பதைக் காட்டினாள். வார் ஒரு வரப்பு தள்ளி அமர்ந்திருந்தது! அப்படியே ஓட்டியிருந்தால் அந்த வாரும் கிழிந்திருக்கும். பூட்டியவன் நான். பிழையும் என்னுடையதே. மீண்டும் தளர்த்திச் சரியாக இருத்தினோம். மின்கலத்தை இணைத்துப் பொறியை ஓடவிட்டோம். கீச்சொலி இல்லை. சற்று நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுமுறையும் வாரின் இருப்பைப் பார்த்த பின்னரே மூடியைச் சாத்தினோம்.

எல்லாரும் எல்லா ஊர்தியிலும் இதைச் செய்துவிடலாம் என்று நான் கூறவில்லை. சில வண்டிகளில் இறுக்கியே இராது. தானே இறுகும் வாரைத் தனிக் கருவியின்றிப் பூட்டவியலாது. சிலவற்றில் முன்னுருளியைக் கழற்றினால்தான் கை நுழையும். அப்போது வண்டியைத் தூக்கியில் மட்டும் நிறுத்தாமல் உறுதியான தாங்கல் கொடுத்தல் வேண்டும். பொறியின் உள்ளே அடைப்பான்களைக் காலந்தவறாது இயக்கும் வார் வேறு. அதனை இதுவென்று எண்ணிக் கை வைத்துவிடாதீர்கள். ஐயமிருந்தால் தொழில் வல்லாரிடம் செல்லுங்கள். ஆனால் வினவத் தெரிந்து செல்லுங்கள். "துணையுருளையைச் சுழற்றிப் பார்த்தீர்களா?" என்ற ஒரு வினா, என் அன்னையாரை இருட்டில் நிறுத்தாமல் காத்திருக்கும்.

இறுதியாக ஒன்று. நான் பணிமனைத் தோழர்களைக் குறைகூறவில்லை. அவர்களுக்கு இப்பெயர்கள் வெறும் ஓசைகளாகவே கற்பிக்கப்பட்டன. 'ஐடிலர்' என்று நூறுமுறை சொன்னாலும் அது என்ன செய்கிறது என்று அச்சொல் தமிழனுக்குச் சொல்லாது. துணையுருளை என்றால் பத்து அகவைச் சிறுவனும் பாதியை அறிந்துகொள்வான். கடையில் வாங்கும்போது கடைச்சொல்லைச் சொல்லியே வாங்குங்கள், தவறில்லை. வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டும்போது தொழில் விளங்கும் சொல்லால் காட்டுங்கள். கப்பியும் வாரும் உருளையும் நம் கிணற்றடியிலும் ஆலையிலும் வழங்கிய சொற்கள். அவற்றைப் பண்டிதர்களாகிய நாங்கள் பட்டறைக்குக் கொண்டுசெல்லாமல் இருந்தது எங்கள் குற்றம்; முதற்கண் என் குற்றம்.

அந்தப் பழுதுற்ற துணையுருளை இதோ என் கையில் இருக்கின்றது. அவையில் சுற்றுக்கு விடுகின்றேன். ஒவ்வொருவரும் சுழற்றிப் பாருங்கள். அந்தக் கரகரப்பை விரலால் உணருங்கள். இன்று வீடு சென்றதும், பொறி ஆறிய பின், மகனையும் மகளையும் அருகில் அழைத்து உங்கள் ஊர்தியின் முகப்பு மூடியைத் திறந்து பாருங்கள்.